டெர்மினல் மெயிலில் விசைகளை மாற்றுவது: வாசகர் கேள்வி–பதில்

மட், நியோமட், ஆல்பைன் என்று டெர்மினலுக்குள் ஓடும் மின்னஞ்சல் நிரல்களில் விசைகளை மாற்றிக்கொள்வது பற்றிய கேள்விகளை இந்த முறை சேர்த்துத் தந்திருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் எழுதுங்கள். 'பெரிய' என்று குறித்த எழுத்துக்கு மட்டும் ஷிஃப்ட். தனியாகச் சொல்லாத இடங்களில், மட்டுக்குச் சொன்னது நியோமட்டுக்கும் பொருந்தும்.

கே: மட் இப்போதுதான் நிறுவினேன். விசைகளை எந்தக் கோப்பில், எப்படி எழுதவேண்டும்?

ஹோம் டைரக்டரியில் புள்ளியோடு தொடங்கும் '.மட்ஆர்சி' கோப்பில் எழுதலாம். அல்லது '.மட்' என்ற ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் 'மட்ஆர்சி' என்று வைக்கலாம். நியோமட் முதலில் '.கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'நியோமட்' ஃபோல்டரில் தேடும்.

ஒரு வரியில் நான்கு துண்டுகள்: பைண்ட் என்ற கட்டளை, மெனுவின் பெயர், விசை, செயலின் பெயர். 'பைண்ட் இண்டெக்ஸ் <எஃப்2> சின்க்-மெயில்பாக்ஸ்' என்று எழுதினால், கடிதப் பட்டியலில் இருக்கும்போது எஃப்2 அழுத்தியதும் மாற்றங்கள் அஞ்சல்பெட்டியில் பதிவாகும். வழக்கமாக இதைச் செய்யும் டாலர் விசையும் பழையபடி வேலை செய்யும். புதிய விசை கொடுத்ததால் பழையது தானாகப் போய்விடாது.

பலரும் இடறுவது இரண்டாவது துண்டில்தான். மட்டில் ஒரு விசைக்கு எங்கும் செல்லுபடியாகும் ஒரே பொருள் கிடையாது. எந்தத் திரையில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். கடிதப் பட்டியல் இண்டெக்ஸ், கடிதத்தைத் திறந்து படிக்கும் திரை பேஜர், அனுப்பும் முன் வரும் திரை கம்போஸ், இணைப்புகளின் பட்டியல் அட்டாச், கோப்புறைப் பட்டியல் பிரவுசர். எடிட்டர் என்ற மெனுவும் உண்டு. அது நீங்கள் கடிதம் எழுதும் விம், நேனோ போன்ற எடிட்டர் நிரல் அல்ல. பெறுநர், பொருள், கோப்புறைப் பெயர் கேட்டுத் திரையின் அடியில் வரும் ஒற்றை வரி. பட்டியலில் வேலை செய்யும் விசை, கடிதத்தைத் திறந்ததும் 'கீ இஸ் நாட் பவுண்ட்' என்று சொன்னால், பேஜரை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். இரண்டிலும் வேண்டுமென்றால் 'இண்டெக்ஸ்,பேஜர்' என்று காற்புள்ளி இட்டு, நடுவே இடைவெளி விடாமல் எழுதுங்கள்.

ஜெனரிக் என்ற பெயரைக் கண்டு எல்லாவற்றுக்கும் அது போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேஜரும் எடிட்டரும் அதில் சேராது. மற்ற மெனுக்களிலும், அந்த மெனுவுக்கே உரிய பொருள் விசைக்கு இருந்தால் அதுதான் முதலில் எடுபடும். ஜே விசையை ஜெனரிக்கில் 'நெக்ஸ்ட்-என்ட்ரி' ஆக்கினாலும் கடிதப் பட்டியலில் எதுவும் மாறாது. அங்கே ஜே ஏற்கெனவே 'நெக்ஸ்ட்-அன்டெலீட்டட்', அதாவது அழிப்புக் குறி இல்லாத அடுத்த கடிதம்.

கோப்பில் எழுதும் முன் முக்காற்புள்ளி விசையை அழுத்தி, அதே பைண்ட் வரியை அங்கேயே தட்டிப் பாருங்கள். உடனே நடைமுறைக்கு வரும், நிரலை மூடினால் மறைந்துவிடும். பிடித்திருந்தால் கோப்பில் சேர்க்கலாம்.

கே: ஒரு விசை ஏற்கெனவே எதற்குப் பயன்படுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தத் திரையில் நின்று கேள்விக்குறியை அழுத்துங்கள். அந்த மெனுவின் விசைகள், ஜெனரிக்கிலிருந்து வந்தவை, கடைசியில் விசையே தரப்படாத செயல்கள் என்று முழுப் பட்டியல் வரும். அந்தக் கடைசிப் பகுதியை ஒருமுறையாவது படியுங்கள். மேக்ரோ (பல செயல்களை ஒரே விசையில் கோக்கும் தொடர்) எழுதித் தீர்க்கப் பார்க்கும் பல வேலைகளுக்கு அங்கே ஆயத்தமான செயல் இருக்கும்.

கே: விம் போல ஜிஜி அடித்தால் பட்டியலின் உச்சிக்கும், பெரிய ஜி அடித்தால் அடிக்கும் போகவேண்டும். எழுதினேன், நியோமட் 'அலியாஸ்' என்று ஏதோ எச்சரிக்கிறது. மட்டில் எச்சரிக்கை இல்லை, ஆனால் ஜி அழுத்தினால் எல்லாருக்கும் பதில் போடும் வசதி காணாமல் போய்விட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஜி என்ற ஒற்றை விசை இயல்பாகவே 'குரூப்-ரிப்ளை'. ஜிஜி என்ற தொடரும் அதே எழுத்தில் தொடங்குகிறது. முதல் ஜி வந்தவுடன் பதில் எழுதுவதா, இரண்டாவது ஜிக்குக் காத்திருப்பதா? மட் காத்திருந்து முடிவெடுக்கும் வகை அல்ல. ஆகவே ஒன்றின் முன்பகுதி மற்றொன்றாக இருக்கும் இரண்டு விசைகள் ஒரே மெனுவில் சேர்ந்து இருக்கமுடியாது. பின்னால் வந்தது முன்னதை அழிக்கும். நியோமட் அதைச் சொல்லிவிட்டுச் செய்கிறது, மட் சொல்லாமல் செய்கிறது.

முறையான வழி, முதலில் ஜியை விடுவிப்பது: 'பைண்ட் இண்டெக்ஸ்,பேஜர் ஜி நோஆப்'. நோஆப் என்றால் அந்த விசைக்கு வேலை இல்லை. அடுத்து 'பைண்ட் இண்டெக்ஸ் ஜிஜி ஃபர்ஸ்ட்-என்ட்ரி', 'பைண்ட் இண்டெக்ஸ் பெரிய-ஜி லாஸ்ட்-என்ட்ரி'. பேஜரில் இந்தப் பெயர்கள் செல்லாது. அங்கே உச்சிக்கு 'டாப்', அடிக்கு 'பாட்டம்'. இரண்டு மெனுவையும் ஒரே வரியில் சேர்த்தால் பிழை வருவது இதனால்தான். கடைசியாக, வேலை பறிபோன 'குரூப்-ரிப்ளை'க்கு வேறு இடம் கொடுங்கள். ஜிஆர் நல்ல தேர்வு: ஜி இப்போது வெறும் முன்னொட்டு, அதன்கீழ் எத்தனை தொடர் வேண்டுமானாலும் வைக்கலாம். போப் முறையில் அஞ்சல் எடுப்பவர்களுக்குப் பெரிய ஜிதான் 'ஃபெட்ச்-மெயில்'. அவர்கள் அதற்கும் மாற்று விசை தேடவேண்டும்.

கே: விம் பழக்கத்தில் அரைப்பக்கம் நகர கன்ட்ரோல்-டி அழுத்தினேன். ஓர் உரையாடல் முழுவதும் அழிப்புக் குறி விழுந்துவிட்டது!

விம்மிலிருந்து வருபவர்களுக்கு மட்டில் இருக்கும் மோசமான பொறி இது. டெலீட்டின் முதலெழுத்தான அந்த டியோடு கன்ட்ரோல் சேர்ந்தால் 'டெலீட்-த்ரெட்'. கடிதங்கள் இன்னும் போய்விடவில்லை. குறி மட்டும்தான் விழுந்திருக்கிறது. டாலரை அழுத்தாமல், அதே உரையாடலில் நின்று கன்ட்ரோல்-யூ அழுத்தினால் குறி நீங்கும், அது 'அன்டெலீட்-த்ரெட்'.

இனி நடக்காமலிருக்க இந்த இரண்டு விசைகளையும் இண்டெக்ஸிலும் பேஜரிலும் 'ஹாஃப்-டவுன்', 'ஹாஃப்-அப்' ஆக்குங்கள். கோப்பில் கன்ட்ரோலைக் குறிக்க, பின்சாய்வுக்கோடு, பெரிய சி, பிறகு விசையின் எழுத்து என்று மூன்றையும் ஒட்டி எழுதவேண்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கன்ட்ரோல்-யூவை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறந்தால், பொறி அப்படியே இருக்கும், மீட்கும் விசை போயிருக்கும்.

அரைப்பக்க நகர்வுக்கு மட்டிலேயே சதுர அடைப்பு விசைகள் இருக்கின்றன: திறப்பு மேலே, மூடல் கீழே. விம் விசைகளை மொத்தமாகக் கொண்டுவரும் ஐம்பது வரித் தொகுப்புகளை அப்படியே ஒட்டிக்கொள்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எந்த வரி எதை அழித்தது என்று பிறகு தேட நேரும்.

கே: கன்ட்ரோல்-எஸ் கொடுத்தால் திரை உறைகிறது. கன்ட்ரோல்-ஐக்கு ஒரு வேலை கொடுத்தால் டேப் விசையும் அதையே செய்கிறது. மேக்கில் கன்ட்ரோல்-ஓ எதுவுமே செய்வதில்லை. நிரலில் பிழையா?

மூன்றிலும் மட்டின் குற்றம் இல்லை.

டேப்பை முதலில் பார்ப்போம். டெர்மினல் நிரலுக்கு அனுப்புவது விசையை அல்ல, ஓர் எண்ணை. கன்ட்ரோலோடு ஓர் எழுத்தை அழுத்தினால், அந்தப் பெரிய எழுத்துக்கு ஆஸ்கி என்ற எழுத்து–எண் அட்டவணையில் உள்ள எண்ணிலிருந்து 64 கழிந்து போகும். ஐயின் எண் 73, கழித்தால் 9. டேப்பின் எண்ணும் 9தான். நிரலுக்கு வந்து சேர்வது வெறும் 9. எந்த விசையிலிருந்து வந்தது என்று அறிய வழியில்லை. அதேபோல் கன்ட்ரோல்-எம் 13, அது ரிட்டர்ன். கன்ட்ரோல்-ஹெச் 8, பல டெர்மினல்களில் அது பேக்ஸ்பேஸ். கன்ட்ரோலோடு திறப்புச் சதுர அடைப்பு 27, அது எஸ்கேப். இவற்றுக்கு வேலை கொடுத்தால் இணை விசைக்கும் கொடுத்ததாகவே ஆகும். கன்ட்ரோல்-ஷிஃப்ட் சேர்க்கையும் பயன்படாது. ஷிஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்தான் வரும்.

கன்ட்ரோல்-எஸ் வேறு கதை. பழைய டெர்மினல் கருவிகள் திணறாமலிருக்க, எழுத்து வருவதை நிறுத்தி வைக்கவும் மீண்டும் தொடரவும் கன்ட்ரோல்-எஸ், கன்ட்ரோல்-க்யூ என்ற இணை உண்டு. டெர்மினல் டிரைவர் அதை இன்றும் தன்னிடமே பிடித்துக்கொள்கிறது. உறைந்த திரையை கன்ட்ரோல்-க்யூ விடுவிக்கும். நிரந்தரமாக நீக்க, டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் தொடங்கும்போது படிக்கும் கோப்பில் 'எஸ்டிடிஒய் -இக்சான்' என்ற வரியைச் சேருங்கள். அதன்பின் இரண்டு விசைகளும் மட்டுக்கு வந்து சேரும்.

மேக்கில் கன்ட்ரோல்-ஓவையும் டிரைவரே விழுங்குகிறது. பக்கப்பட்டியில் கோப்புறை திறக்கும் 'சைட்பார்-ஓப்பன்' செயலுக்குப் பலரும் இதைத்தான் வைப்பதால் அதிகம் கேட்கப்படும் புகார் இது. 'எஸ்டிடிஒய் டிஸ்கார்ட் அன்டெஃப்' என்று கொடுத்தால் சரியாகும். பக்கப்பட்டிக்கு கன்ட்ரோல்-என், கன்ட்ரோல்-பி கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பட்டியலில் அவை உரையாடல் விட்டு உரையாடல் தாவும் விசைகள். அந்த வசதி போய்விடும்.

ஒரே டெர்மினலில் பல திரைகளைத் தரும் டீமக்ஸ் நிரலுக்குள் மட் ஓடினால் கன்ட்ரோல்-பி டீமக்ஸுக்கே போகும், அதேபோன்ற ஸ்கிரீன் நிரலுக்குள் ஓடினால் கன்ட்ரோல்-ஏ. அவற்றைத் தொடாமல் விடுவது நல்லது.

ஆல்ட் விசை பெரும்பாலான டெர்மினல்களில் 'எஸ்கேப், பிறகு எழுத்து' என்று இரண்டாகப் போகிறது. கோப்பில் அதைப் பின்சாய்வுக்கோடும் சிறிய 'ஈ'யும் போட்டு எழுதவேண்டும். மேக்கின் டெர்மினலில் ஆப்ஷன் விசையை மெட்டாவாகப் பயன்படுத்தும் அமைப்பை முதலில் இயக்கவேண்டும்.

கே: ஹோம், எண்ட் விசைகள் டீமக்ஸுக்கு வெளியே சரியாக இருக்கின்றன, உள்ளே இல்லை.

மட்டிலிருந்து முக்காற்புள்ளி அழுத்தி 'எக்ஸெக் வாட்-கீ' என்று தட்டுங்கள். இனி அழுத்தும் ஒவ்வொரு விசைக்கும் மட் அதை என்னவாகப் புரிந்துகொள்கிறது என்பதும் அதன் எண்ணும் காட்டப்படும். கன்ட்ரோல்-ஜி வெளியே கொண்டுவரும். ஹோம் அழுத்தினால் 'ஹோம்' என்றே வரவேண்டும். எஸ்கேப்பும் தொடர்ந்து சில துண்டு எழுத்துகளும் வந்தால், 'டெர்ம்' என்ற சூழல் மாறியின் மதிப்பு தவறு. டீமக்ஸுக்குள் அது 'டீமக்ஸ்-256கலர்' அல்லது 'ஸ்கிரீன்-256கலர்' ஆக இருக்கவேண்டும். ஷெல் கோப்பில் யாரோ 'எக்ஸ்டெர்ம்' என்று வலிந்து எழுதி வைத்திருப்பார்கள். அந்த வரியை நீக்குங்கள். ஒவ்வொரு துண்டு எழுத்தையும் பைண்ட் செய்து சமாளிக்கப் பார்க்காதீர்கள், வேறு டெர்மினலில் அது உடையும்.

எஸ்கேப் தாமதமாக வேலை செய்வதற்கும் டீமக்ஸ் காரணமாகலாம். அதன் 'எஸ்கேப்-டைம்' பழைய பதிப்புகளில் 500 மில்லி செகண்ட். 10 அல்லது 20 போதும்.

கே: கடிதத்தை ஒரே விசையில் ஆர்கைவ் கோப்புறைக்கு அனுப்பவேண்டும். குறியிட்ட (டேக் செய்த) கடிதங்கள் இருந்தால் எல்லாம் சேர்ந்து போகவேண்டும்.

இது பைண்டால் ஆகாது. ஒரு செயலுக்கு மேல் வேண்டுமென்றால் மேக்ரோ. வடிவம் அதேதான், செயலின் பெயருக்குப் பதில் மேற்கோளுக்குள் ஒரு தொடர்: 'மேக்ரோ இண்டெக்ஸ் பெரிய-எஸ் "<சேவ்-மெசேஜ்>=ஆர்கைவ்<என்டர்>" "ஆர்கைவுக்கு"'. சமக்குறி என்பது உங்கள் அஞ்சல் அடைவின் சுருக்கம். கடைசி மேற்கோள் விளக்கம். கேள்விக்குறி உதவித் திரையில் அது தெரியும். சோம்பலில் அதை விட்டுவிடாதீர்கள்.

பேஜரிலும் அதே விசை வேண்டுமென்று 'இண்டெக்ஸ்,பேஜர்' போட்டால், மேற்கோள் காட்டிய பகுதியைத் தாண்டிச் செல்லும் 'ஸ்கிப்-கோட்டட்' போய்விடும். பேஜரில் பெரிய எஸ் அதற்குரியது. நீளமான பதில்கள் நிறைய வருபவர்களுக்கு அது இழக்கக்கூடாத விசை.

தொடருக்குள் செயலின் பெயரையே கூர் அடைப்பில் எழுதுங்கள். வெறும் எஸ் என்று விசையை எழுதினாலும் இன்று வேலை செய்யும். எஸ்ஸின் பொருளை என்றாவது மாற்றினால் மேக்ரோவும் தடம் மாறும்.

கோப்புறை ஏற்கெனவே இருந்தால் மட் 'அதில் சேர்க்கவா?' என்று கேட்கும். தொடரின் முடிவில் ஒய் என்று பதிலைத் திணிப்பது கெட்ட வழி: கேள்வி வராத நாளில் அந்த ஒய் வேறு கட்டளையாகிவிடும். 'செட் கன்ஃபர்ம்அப்பெண்ட்=நோ' என்று கேள்வியையே நிறுத்துங்கள். கோப்புறையை முன்கூட்டியே உண்டாக்கியும் வையுங்கள். இல்லாவிட்டால் உண்டாக்கவா என்ற கேள்வி வரும்.

குறியிட்டவற்றுக்கு எளிய வழி 'செட் ஆட்டோ_டேக்=யெஸ்'. குறியிட்டவை இருந்தால் எந்தச் செயலும் தானாக அவற்றுக்கே போகும். ஆனால் இந்த அமைப்பு அழிப்பதற்கும் பொருந்தும். மேலே எங்கோ குறியிட்டு மறந்ததும் சேர்ந்து போகும். குறியிட்டவற்றுக்கென்றே தனி மேக்ரோ வைப்பது பாதுகாப்பானது. அதன் தொடக்கத்தில் <டேக்-ப்ரிஃபிக்ஸ்-காண்ட்> சேர்த்தால், குறி எதுவும் இல்லாதபோது மீதித் தொடரை மட் விழுங்கிவிடும். <எண்ட்-காண்ட்> என்று எழுதிய இடத்தோடு விழுங்குவது நிற்கும். அதற்குப் பிறகு வருவது எப்படியும் நடக்கும்.

இந்த மேக்ரோவில் கடிதத்தின் நகல் ஆர்கைவுக்குப் போய், மூலத்தில் அழிப்புக் குறி விழும். டாலர் அழுத்தும்வரை மூலம் பெட்டியிலேயே இருக்கும்.

கே: கோப்புறைப் பெயரில் இடைவெளி இருக்கிறது. மேக்ரோ வேறு எங்கோ போகிறது.

கோப்புறைப் பெயர் கேட்கும் வரியில் ஸ்பேஸ், எழுத்து அல்ல, கட்டளை: புதிய அஞ்சல் உள்ள அடுத்த பெட்டியின் பெயரைக் கொண்டுவரும். உங்கள் மேக்ரோ பாதிப் பெயரைத் தட்டி ஸ்பேஸுக்கு வந்ததும் பெயரே மாறிவிடுகிறது. 'பைண்ட் எடிட்டர் <ஸ்பேஸ்> நோஆப்' போதும். ஸ்பேஸ் தட்டிப் பெட்டிகளைச் சுற்றும் வசதி மட்டும் போகும்.

கே: மேக்ரோவுக்குள் டாலர் போட்ட மாறி, விசை அழுத்தும் நேரத்து மதிப்பைத் தராமல் பழைய மதிப்பையே தருகிறது.

இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் டாலர் மாறி, கோப்பைப் படிக்கும் நேரத்திலேயே மதிப்பாக மாறிவிடுகிறது. விசை அழுத்தும்போது மாறவேண்டுமானால் டாலருக்கு முன் பின்சாய்வுக்கோடு இடுங்கள், அல்லது தொடர் முழுவதையும் ஒற்றை மேற்கோளில் வையுங்கள். ஓர் அமைப்பைத் தற்காலிகமாக மாற்றித் திருப்பி வைக்கும் மேக்ரோக்களில்தான் இது அதிகம் கடிக்கும். அங்கே பழைய மதிப்பைச் சேமிக்க 'மை_' என்று தொடங்கும் சொந்த மாறியைப் பயன்படுத்தலாம். அந்த முன்னொட்டை மட் உங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறது.

ஹேஷ் குறியை விசையாக வைப்பவர்களும் அதற்கு முன் பின்சாய்வுக்கோடு போடவேண்டும். இல்லாவிட்டால் மட் அதைக் குறிப்புரையின் தொடக்கமாக எடுத்து, வரி பாதியில் நிற்கிறது என்று முறையிடும்.

கே: ஆல்ட் விசைக்காக ஒரு வரி சேர்த்தேன். அன்றிலிருந்து பொருள் வரியில் தமிழ் தட்டினால் ஏதேதோ நடக்கிறது.

சேர்த்தது 'செட் மெட்டா_கீ=யெஸ்' ஆக இருக்கும். எட்டாவது பிட் உயர்ந்திருக்கும் எந்த பைட்டையும் 'எஸ்கேப், பிறகு மீதி' என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு அது. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் மூன்று பைட். மூன்றிலும் அந்தப் பிட் உயர்ந்தே இருக்கும். ஆக ஓர் 'அ' தட்டினால் மூன்று எஸ்கேப் கட்டளைகள் புறப்படும். அந்த வரியை எடுத்துவிட்டு, ஆல்ட்டை எஸ்கேப்பாக அனுப்பும் அமைப்பை டெர்மினலில் தேடி இயக்குங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொரு கேள்வி: தமிழ் விசைப்பலகை இயங்கும்போது ஷார்ட்கட்டுகள் ஏன் வேலை செய்வதில்லை? மட்டுக்கு ஜேயின் எண்ணுக்குப் பதில் தமிழ் எழுத்தின் பைட்டுகள் போகின்றன. பட்டியலுக்குத் திரும்பும்போது ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: விசைகளைத் தனிக் கோப்பில் வைக்கலாமா? வரியை அழித்துவிட்டு மீண்டும் படிக்க வைத்தாலும் பழைய விசை போகமாட்டேன் என்கிறது.

தாராளமாக வைக்கலாம். முக்கியக் கோப்பில் 'சோர்ஸ்' என்று எழுதி, கோப்பின் பாதையைத் தாருங்கள். அதே சோர்ஸ் வரியை முக்காற்புள்ளிக்குப் பின் தட்டினால், மட்டை மூடாமலே மாற்றங்கள் வரும். ஆனால் மீண்டும் படிப்பது புதியதைச் சேர்க்கும், மாற்றும். கோப்பிலிருந்து காணாமல் போன வரியை அது அறியாது. அந்த விசையை ஒருமுறை நோஆப் ஆக்குங்கள், அல்லது மட்டை மூடித் திறங்கள்.

கே: ஆல்பைனில் இதெல்லாம் முடியுமா? ஏர்க் என்ற இன்னொரு டெர்மினல் மெயில் நிரலில்?

ஆல்பைனில் விசைகளை இப்படி விருப்பம்போல் மாற்ற வழியில்லை. முதன்மை மெனுவில் எஸ், பிறகு சி அழுத்தி அமைப்புகளுக்குப் போனால் இரண்டு உதவிகள் கிடைக்கும். ஒன்று, கட்டளைகளை எழுத்துகளிலிருந்து எஃப் விசைகளுக்கு மாற்றுவது. மற்றது, திறந்தவுடன் தானாகத் தட்டப்படவேண்டிய விசைகளின் பட்டியல். அதில் ஐ, சிஆர் என்று காற்புள்ளி இட்டு எழுதினால், கடிதப் பட்டியலுக்குப் போய், நிற்கும் கடிதத்தைத் திறந்து காட்டும். ஒரே ஒரு முறைக்கு வேண்டுமென்றால் தொடங்கும் கட்டளையில் '-பெரிய-ஐ' சேர்த்து அதே பட்டியலைத் தரலாம்.

ஏர்க்கில் எல்லாம் 'பைண்ட்ஸ்.கான்ஃப்' என்ற கோப்பில் இருக்கிறது. மட்டின் மெனுக்களுக்கு இணையாக மெசேஜஸ், வியூ, கம்போஸ் என்று சதுர அடைப்பில் பகுதிகள். ஒவ்வொரு வரியும் விசை, சமக்குறி, முக்காற்புள்ளியோடு கட்டளை, கடைசியில் <என்டர்>. அந்த <என்டர்> விடுபட்டால் கட்டளை திரையின் அடியில் எழுதப்பட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். கோப்புறைப் பெயர் மட்டும் கையால் தட்டவேண்டிய விசைகளுக்கு வேண்டுமென்றே அப்படி விடுவதுண்டு. கடிதம் எழுதும் பகுதியில் பொதுவிசைகளைத் தடுக்கும் 'நோஇன்ஹெரிட்' வரியை மட்டும் நீக்கிவிடாதீர்கள்; நீக்கினால் எடிட்டருக்குப் போகவேண்டிய விசைகளை ஏர்க் இடைமறிக்கும்.